அடுப்புக்கு ஒரு மருமகள் வேண்டாம்

சிரஞ்சீவி வேலாயுதத்துக்கு அம்மா எழுதுவது. உன் கடிதம் செவ்வாய்க்கிழமை மத்தியானம் வந்தது. அதைப் படித்தபோது வீட்டில் இருந்தவர்கள் நாலு பேர். தோல் கம்பெனியிலிருந்து சாப்பிட வந்து, கையில் ஆவாரம்பட்டைக் கறையோடு வாசற்படியில் உட்கார்ந்திருந்த உன் அப்பா, கூழ் ஊற்றுவதற்காகத் திமிரியிலிருந்து வந்து இங்கேயே தங்கியிருக்கும் உன் பெரிய அத்தை, இரவல் வாங்கிய முறத்தைத் திருப்பிக் கொடுக்க வந்த பக்கத்து வீட்டுக் கைருன்பீ, அப்புறம் நான். தோலுக்கு நம்பர் போடும் அளவுக்குத்தான் அப்பாவுக்கு எழுத்து தெரியும், அதனால் வழக்கம்போல் நான்தான் உரக்கப் படித்தேன். திமிரிப் பெண்ணைக் கட்டிக்கொள்ள உனக்குச் சம்மதம் என்று எழுதியிருந்தாய். எல்லோர் முகமும் மலர்ந்தது. அடுத்த வரியையும் அதே குரலில் படித்துவிட்டேன். "கல்யாணம் ஆனதும் அவளை அம்மாவுக்கு ஒத்தாசையாக ஆம்பூரிலேயே விட்டுவிட்டு நான் பட்டணம் திரும்புவேன். அம்மா இனிமேல் அடுப்படிக்கே போகக் கூடாது" என்று இருந்தது.

பெரிய அத்தை கையைத் தட்டினாள். "பாத்தியா, பையன்னா இப்டி இருக்கணும். நான்தான் அப்டி எழுதச் சொன்னேன்" என்றாள். கைருன்பீ முறத்தைச் சுவரில் சாத்திவிட்டு, "அப்போ கல்யாணம் யாருக்கு அக்கா? வேலுக்கா, அடுப்புக்கா?" என்று கேட்டாள்.  அப்பா எழுந்து கறைபட்ட கையைக் கழுவப் போனார். நான் கடிதத்தை மடித்து வைத்தேன். அன்றிலிருந்து மூன்று நாளாக, காலையில் கை நன்றாக எழுதும் நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக இதை எழுதுகிறேன். எழுத்து அங்கங்கே கோணியிருந்தால் உடம்பு மோசம் என்று நினைத்துக்கொள்ளாதே. கை தன் இஷ்டத்துக்குப் போகிற இடங்கள் அவை.

கண்ணு, என் உடம்பைப் பற்றி நீ பாதிதான் அறிவாய். கஷ்டப்பட்ட பாதி. ஆச்சரியமான பாதியை நான் யாருக்குமே சொன்னதில்லை, பைத்தியம் என்று நினைப்பார்கள் என்று. உனக்கு நாலு வயது இருக்கும்போது ஒரு நாள் விளக்குக்குக் குங்குமம் வைக்கப் போனேன். சிமிழில் குங்குமம் இல்லை, புளியங்கொட்டைத் தூள் மாதிரி ஏதோ இருந்தது. யார் மாற்றி வைத்தது என்று சத்தம் போட்டேன். அப்புறம் இடது கண்ணைக் கையால் மூடிப் பார்த்தால் சிவப்பு. வலது கண்ணை மூடிப் பார்த்தால் பழுப்பு. ஒரே குங்குமம்தான். நாலு நாளில் இடது கண்ணில் விளக்குச் சுடரே தெரியாமல் போயிற்று. நான் பள்ளிக்கூடம் போனவள் இல்லை. பொட்டலம் கட்டி வந்த காகிதத்தையும் பஞ்சாங்கத்தையும் எழுத்துக்கூட்டிக் கூட்டித்தான் படிக்கக் கற்றுக்கொண்டேன். அந்த எழுத்து போய்விடுமே என்றுதான் அழுதேன், சோறு ஆக்குவது பற்றி நினைக்கவே இல்லை. ஆறு வாரம் கழித்து, ஒருவரும் ஒன்றும் செய்யாமலே, வெளிச்சம் திரும்பி வந்தது. முதலில் வெள்ளை, அப்புறம் ஜன்னல் கம்பிகள், அப்புறம் உன் முகம். எல்லாவற்றுக்கும் கடைசியாகச் சிவப்பு வந்தது. அன்று சிமிழைத் திறந்து இரண்டு கண்ணாலும் பார்த்தபோது எனக்குக் கை கூப்பத் தோன்றியது. குங்குமத்தையே சாமியாகக் கும்பிட்டவள் இந்த ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். சிவப்பைப் பார்ப்பது என்பது ஒரு வரம் என்று அதுவரை எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது. ஒரு தரம் போய் வந்தால்தான் தெரியும்.

நாலு வருஷம் ஒன்றுமில்லை. பிறகு கால். அதை எப்படிச் சொல்வது? அப்பா வேலை செய்யும் இடத்தில் நீயே பார்த்திருக்கிறாய். காய்ந்த தோலை ஒரு சின்னப் பிள்ளை தூக்கிக்கொண்டு ஓடும். அதே தோல் குழியில் ஊறிவிட்டால் இரண்டு ஆள் பிடித்து இழுக்க வேண்டும். தோல் அதேதான், அளவும் அதேதான். என் களைப்பு அப்படிப்பட்டது. அது தூக்கம் வருகிற களைப்பு இல்லை, வேலை செய்த களைப்பும் இல்லை. ஒரு சட்டி அரிசி களைந்து முடிப்பதற்குள் உடம்பு முழுக்கத் தண்ணீர் ஏறி ஊறிப்போன மாதிரி ஆகிவிடும். பார்ப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. காய்ச்சல் இல்லை, புண் இல்லை, முகம் வாடவில்லை. "திங்கிறதுக்கு நல்லாத்தானே இருக்குது, வேலைன்னா மட்டும் கால் வலிக்குதா?" என்று உன் அத்தை கேட்டதில் தப்பும் இல்லை. எனக்கே அப்படித்தான் தோன்றியது. சோம்பேறித்தனத்தைத்தான் நோய் என்று சொல்லிக்கொள்கிறேனோ என்று எத்தனையோ நாள் அம்மனிடம் கேட்டிருக்கிறேன்.

அந்த நாட்களில் செய்த ஒரு தவறை இங்கே எழுதிவிடுகிறேன். என் கை பிடியை விட ஆரம்பித்தது. பிடித்திருக்கிறேன் என்றுதான் நினைப்பேன், பானை கீழே கிடக்கும். அந்த ஒரு வருஷத்தில் எட்டுப் பானை உடைந்தது. முதல் பானை உடைந்தபோது அப்பா வந்து யார் என்று கேட்டார். "வேலு" என்று என் வாய் சொல்லிவிட்டது. நீ வெளியிலிருந்து அப்போதுதான் உள்ளே வந்தாய். அப்பா உன்னைத் திட்டினார். நீ என்னைப் பார்த்தாய், அப்புறம் தலையைக் குனிந்துகொண்டாய். மற்ற ஏழு பானைக்கும் நான் சொல்ல வேண்டியதே இருக்கவில்லை, நீயே "நான்தாம்பா" என்று சொல்லிவிட்டாய். ஒன்பது வயசு. யார் சொல்லிக்கொடுத்தார்கள் உனக்கு? அதை நினைக்கும்போது இன்றைக்கும் எனக்குப் பெருமை வருவதில்லை, ஒருவிதமான பயபக்திதான் வருகிறது. ஆனால் அதிலிருந்துதான் நீ என்னைத் தாங்குவதே உன் வேலை என்று பழகிவிட்டாய். இப்போது இன்னொரு வீட்டுப் பெண்ணையும் அந்த வேலைக்கு இழுக்கிறாய். வழி காட்டினவள் நான்தான்.

வைத்தியத்துக்கு வருகிறேன். வாதம் என்று, அப்போது நம்மோடு இருந்த அத்தை முடிவு செய்தாள். வாதத்துக்குச் சூடு காட்ட வேண்டும். வெள்ளிக்கிழமை தோறும் மிளகு போட்டுக் காய்ச்சின நல்லெண்ணெயைத் தலையில் வைத்து, நொச்சி இலை போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீரை அவளே மொண்டு மொண்டு ஊற்றுவாள். தோல் வெந்துவிடும். குளித்து எழுந்தால் கால் இரண்டும் என்னுடையதாக இருக்காது, கண்ணும் புகை மூடின மாதிரி ஆகிவிடும். சுவரைப் பிடித்துக்கொண்டு போய்ப் படுத்தால் சனிக்கிழமைதான் எழுந்திருப்பேன். வீட்டில் நடப்பதையெல்லாம் நோட்டில் எழுதும் பழக்கம் எனக்கு உண்டு அல்லவா, மாவு என்றைக்கு இடித்தோம், துணி என்றைக்கு வெளுத்தோம் என்று. அதன் ஓரத்தில் தினம் ஒரு சொல் எழுத ஆரம்பித்தேன். "நடந்தேன்" அல்லது "இல்லை". மூன்று மாதம் கழித்துத் திருப்பிப் பார்த்தால் வெள்ளிக்கிழமை ஒன்றுவிடாமல் "இல்லை". அத்தையிடம் காட்டினேன். அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "வெள்ளிக்கெழமையாப் பாத்து வருதுன்னா இது கெங்கம்மா கோவம்டி. ஏதோ நேர்த்திக்கடன் பாக்கி" என்றாள். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை பட்டினியும் சேர்ந்தது, வெந்நீர் இன்னும் சூடாயிற்று.

அந்த ஐப்பசியில் ஏழு நாள் விடாத மழை. விறகு எல்லாம் நனைந்து போயிற்று. அத்தை ஊரில் இல்லை. வெள்ளிக்கிழமை குளிக்காமல் விளக்கேற்ற மனம் வரவில்லை, பயந்துகொண்டே கிணற்றுத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டேன். பல் கிட்டிப் போயிற்று. அப்புறம் நடந்ததை நீ நம்பினால் நம்பு. துணி மாற்றிக்கொண்டு கூடத்துக்கு வந்த பிறகுதான் கவனித்தேன், சுவரைப் பிடிக்காமல் வந்திருக்கிறேன். திரும்பப் புழக்கடைக்குப் போனேன், திரும்ப வந்தேன். ஈரத் தலையோடு கூடத்தில் நாலு தரம் நடந்தேன். யாராவது பார்த்திருந்தால் சாமி வந்துவிட்டது என்றிருப்பார்கள். ஒருவருக்கும் சொல்லவில்லை. அடுத்த வெள்ளியும் பச்சைத் தண்ணீர், அன்றும் நடந்தேன். மூன்றாவது வெள்ளி வேண்டுமென்றே வெந்நீர் போட்டேன். தெய்வத்தைச் சோதிக்கிறேனோ என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். வாசற்படி தாண்டுவதற்குள் விழுந்தேன். கோபம் இல்லை, சாபம் இல்லை, சூடு. இத்தனை நாள் கங்கையின் பெயர் கொண்ட கெங்கம்மா முன்னால் வெந்து போய் நின்று அழுதிருக்கிறேன், அவள் பக்கத்துக் கிணற்றிலேயே குளிர்ந்து கிடந்திருக்கிறாள். அத்தை வந்ததும் சொன்னேன். "வெந்நி ஊத்தலன்னா வாதம் மண்டைக்கு ஏறிடும்" என்றாள். "ஏறட்டும் அண்ணி, கால விட்டு எறங்கினா போதும்" என்றேன்.

பிறகு வேலூருக்குப் போனது உனக்கு நினைவிருக்கும், ரயிலில் நீயும் வந்தாய். ஆனால் உள்ளே விடவில்லை உன்னை. அங்கே ஒரு டாக்டரம்மா என் உள்ளங்காலில் சாவியால் கோடு இழுத்தாள். கட்டை விரல் மடங்குவதற்குப் பதிலாக மேலே எழும்பிற்று. பிறந்த குழந்தைக்குத்தான் இப்படிப் போகும் என்றாள். என் கால் என்னைக் கேட்காமல் தொட்டில் காலத்துக்குப் போயிருக்கிறது! அவள் ஒரு பெயர் சொன்னாள், என் வாயில் நுழையவில்லை. மூளையிலிருந்து முதுகுத் தண்டு வழியாகப் போகும் நரம்புகளில் அங்கங்கே வடு விழுகிறது, கண்ணில் வந்ததும் காலில் வந்ததும் ஒன்றுதான், இங்கே அபூர்வம், மருந்து இல்லை, வரும் போகும், கூடவும் செய்யலாம் என்றாள். சூடு ஆகாது என்று நான் சொன்னதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "உங்களுக்கு யார் சொன்னது?" என்றாள். "நானே எழுதி வெச்சிப் பாத்தேன்மா" என்றேன். நோட்டை வாங்கி ஓரத்துச் சொற்களையெல்லாம் பார்த்துவிட்டு, "களைப்பு வந்த பிறகு உட்காராதீர்கள், வருவதற்கு முன்னால் உட்காருங்கள்" என்று மட்டும் சொன்னாள். எனக்குக் கிடைத்த வைத்தியம் அந்த ஒரு வாக்கியம்தான். திரும்பி வரும்போது நீ என் மடியில் தூங்கிவிட்டாய். வாணியம்பாடி வண்டி நம்மைக் கடந்து போனபோது அப்பா சொன்னார்: "மேல பாத்தா தோல் நல்லாத்தான் இருக்கும். சுண்ணாம்புக் குழியில போட்டு மயிர் எடுத்தாத்தான் உள்ள இருக்கற வடு தெரியும். இத்தினி நாள் நான் மேலாலயே பாத்துட்டேன்." அதற்கு மேல் மன்னிப்புக் கேட்கத் தெரிந்தவர் இல்லை அவர்.

நீ பட்டணம் போன இந்த எட்டு வருஷத்தில் வீடு எப்படி மாறியது என்பது உனக்குத் தெரியாது, ஏனென்றால் நீ வருகிற நாலு நாளும் என்னை ஒன்றும் செய்ய விடுவதில்லை. சொல்கிறேன் கேள். அடுப்பு தரையில் இல்லை. அப்பா செங்கல் வைத்து மேடை கட்டி அதன்மேல் மண் அடுப்பு போட்டுக் கொடுத்தார். நான் முக்காலியில் உட்கார்ந்தே சமைக்கிறேன், குந்தி எழுந்திருக்க வேண்டியதில்லை. வெயில் ஏறுவதற்குள் சமையல் முடிந்துவிடும். சித்திரை வைகாசியில் ஒரு வேளைதான் அடுப்பு, மற்ற வேளை பழையதும் மோரும். குடம் தூக்குவதில்லை, சொம்பு சொம்பாகக் கொண்டு வந்து தொட்டியில் ஊற்றுகிறேன். நாலு சொம்புக்கு ஒரு தரம் உட்காருவேன், களைத்திருந்தாலும் இல்லாவிட்டாலும். துணி துவைக்கிற நாளில் அரைப்பதில்லை, அரைக்கிற நாளில் பெருக்குவதில்லை. கைருன்பீதான் இன்னொரு வழி சொன்னாள். "நோன்பு மாசத்துல வெயில் ஜாஸ்தியானா நான் துணிய நனைச்சிக் கழுத்துல சுத்திக்குவேன் அக்கா. நீயும் சுத்திக்கோ, எந்த சாமியும் கோச்சிக்காது" என்றாள். சுற்றிக்கொண்ட நாளிலிருந்து எனக்கு இன்னும் அரைமணி நேர உடம்பு கிடைத்தது. அரைமணி என்றால் லேசாக நினைக்காதே. அதில் ஒரு குழம்பு இறக்கலாம்.

கோலம் மட்டும் என்னால் ஆகவில்லை. குனிந்தால் தலை சுற்றும். ஒரு மார்கழிக் காலையில் கதவைத் திறந்தால் உன் அப்பா வாசலில் குந்தி உட்கார்ந்து புள்ளி வைத்துக்கொண்டிருக்கிறார். தோலை இழுத்துக் கட்டி நீட்டுகிற கைக்கு மாவு அடங்குமா? கோடு தோல் வெட்டின மாதிரி பட்டையாக விழுந்திருந்தது. தெருவே வேடிக்கை பார்த்தது. அத்தை அன்று இங்கே இருந்தாள். "ஆம்பள கோலம் போட்டா வூட்டுக்கு லட்சுமி வருவாளாடா?" என்றாள். அப்பா தலை நிமிராமல், "வந்தா உக்காரச் சொல்லுக்கா. அவளும் நின்னு நின்னு களைச்சித்தான் போயிருப்பா" என்றார். நான் கதவுக்குப் பின்னால் நின்று சிரித்தேன், அப்புறம் அழுதேன். முப்பது வருஷம் கூட இருந்த மனுஷரை அன்றுதான் முதல் தரம் பார்த்த மாதிரி இருந்தது. இன்றைக்கும் அவர்தான் கோலம் போடுகிறார். கேலி செய்தவர்கள் அலுத்துப் போய் விட்டுவிட்டார்கள்.

ஆகவே என் அடுப்பு காலியாக இல்லை கண்ணு. மெதுவாக எரிகிறது, அவ்வளவுதான்.

இப்போது சொல்லவே கூசுகிற விஷயம். போன மாதம் பெண் வீட்டார் வீடு பார்க்க வந்தார்களே, நீ லீவு கிடைக்காமல் வரவில்லை. அவர்கள் வருகிற அன்று காலையிலிருந்தே என் கால் சரியில்லை. "எழுந்து தடுமாறினா சம்பந்தமே போய்டும்" என்று அத்தை பேஜார் பண்ணினாள். எனக்கும் ஆசை, உனக்கு நல்ல இடம் அமையவேண்டும் என்று. அவள் சொன்னபடி விளக்குக்கு எதிரில் மணையைப் போட்டு, கையில் ருத்திராட்ச மாலையோடு உட்கார்ந்துவிட்டேன். அவர்கள் வந்தார்கள். "எங்க தம்பி சம்சாரம் விரதத்துல இருக்குது. மணையில உக்காந்தா பொழுது சாயற வரைக்கும் எழுந்திரிக்கக் கூடாது" என்று அத்தை சொன்னாள். நான் மறுக்கவில்லை. மாலையை உருட்டிக்கொண்டு இருந்தேன். அப்பா அவமானத்தில் புழக்கடைக்குப் போய்விட்டார். பெண்ணின் அம்மா என் எதிரில் வந்து, "உங்கள மாதிரி பக்திமானுங்க வூட்டுக்கு எம்பொண்ணு வர்றது எங்க பாக்கியம்மா" என்று சொல்லி, குனிந்து என் இரண்டு பாதத்தையும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். வேலு, அவள் தொட்டது எனக்குத் தெரியவில்லை. கண்ணால் பார்த்ததால் தெரிந்துகொண்டேன். அந்தக் கால்களுக்கு அன்று உணர்ச்சியே இல்லை. உணர்ச்சி இல்லாத காலை ஒரு தாய் தெய்வத்தின் கால் மாதிரித் தொடுகிறாள், நான் தெய்வத்தையே முன்னால் வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறேன். ஒரு காலத்தில் உனக்குப் பின்னால் ஒளிந்தேன். இந்த வயதில் சாமிக்குப் பின்னால் ஒளிந்தேன். அன்றிலிருந்து விளக்கேற்றும்போது நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

பெண்ணும் வந்திருந்தாள் என்பதை அத்தை உனக்கு எழுதியிருக்க மாட்டாள், வழக்கம் இல்லை என்பதால். வண்டியில் இடம் இருந்தது, ஏறிக்கொண்டேன் என்று சிரித்தாள். தனலட்சுமி. எல்லோரும் பேசிக்கொண்டிருக்கும்போது அடுப்படிக்குப் போய்த் திரும்பி வந்து என்னிடம் ரகசியமாக, "அத்த, அடுப்பு ஏன் இம்மாம் ஒசரத்துல இருக்குது? நல்லா இருக்குதே, குந்தாமயே சமைக்கலாம்!" என்றாள். அவளுக்குக் கண் இருக்கிறது. கேட்கவும் தெரிகிறது. நான் ஒரு பொய்யை உருட்டிக்கொண்டிருந்ததால் பதில் சொல்லவில்லை. அந்தப் பெண் என் பானையைத் தூக்கவும் என் காலைப் பிடிக்கவும் பிறந்தவள் இல்லை. புருஷனோடு குடித்தனம் நடத்தப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். அவளை இங்கே விட்டுவிட்டு நீ இரண்டு மாதத்துக்கு ஒரு தரம் வந்து போனால், அவள் என்னைத் தாங்குவாள், நல்ல பெண், தாங்கிவிடுவாள். ஆனால் ஒவ்வொரு நாளும் மனதுக்குள் ஏமாந்தோம் என்று நினைப்பாள். அது நியாயம். அப்படி நினைக்கிற கையால் வருகிற தண்ணீர் எனக்கு வேண்டாம்.

எனக்கு இது கூடலாம். டாக்டரம்மா சொன்னதை நான் மறக்கவில்லை. ஒரு நாள் முக்காலியில் கூட உட்கார முடியாமல் போகலாம். அப்போது என்ன செய்வது என்று நாம் மூன்று பேரும் பேசுவோம், அவளும் சம்மதித்து வந்திருந்தால் நாலு பேரும். அன்றைக்கு அவளைக் கேட்போம், கேட்டு அவள் சொல்வதைச் செய்வோம். கேட்காமல் எடுத்துக்கொள்வது வேறு. எனக்குப் பயம் இல்லை என்று எழுதினால் அது பொய். ஆனால் பயத்தைவிட வியப்பு பெரிதாக இருக்கிறது, உண்மையாகவே சொல்கிறேன். காலையில் கண் விழித்ததும் படுத்தபடியே கட்டை விரலை அசைத்துப் பார்ப்பேன். அசையும். நான் இங்கே நினைக்கிறேன், அது அவ்வளவு தூரத்தில், வடுவெல்லாம் தாண்டி வந்த சொல்லைக் கேட்டு அசைகிறது. ஊரில் எல்லோருக்கும் தினமும் நடக்கிறது இது, ஒருவரும் கும்பிடுவதில்லை. நான் கும்பிட்டுவிட்டுத்தான் எழுந்திருக்கிறேன்.

ஆகையால் உன்னிடம் இரண்டு கேட்கிறேன். பெண்ணின் அப்பாவுக்கு நீ உன் கையால் ஒரு கடிதம் போடு. உன் அம்மாவுக்கு இன்ன நோய், மருந்து இல்லை, அன்று விரதம் இருக்கவில்லை, எழுந்து நிற்க முடியாமல்தான் உட்கார்ந்திருந்தாள் என்று எழுது. அழகாக்காதே. அவர்கள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான், அத்தை அழுதால் நான் பார்த்துக்கொள்கிறேன். சரி என்றால், தாலி கட்டின மாதமே அவளைப் பட்டணத்துக்கு உன்னோடு அழைத்துப் போ. ஒரே அறையானாலும் பரவாயில்லை. இந்த இரண்டும் உனக்குச் சம்மதமானால் ஆவணி பிறந்ததும் அப்பாவும் நானும் வண்டி கட்டிக்கொண்டு திமிரிக்கு நிச்சயதாம்பூலத்துக்குப் போகிறோம், எல்லோர் எதிரிலும் நான் தடுமாறியே நடந்து போகிறேன். சம்மதம் இல்லையென்றால் தாம்பூலம் மாற்ற வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன், அவரும் சரி என்றார். ஆடி முடிய இன்னும் பதினாறு நாள்தான் இருக்கிறது. எது என்று சீக்கிரம் பதில் எழுது.